பூக்கட்டிப் பார்த்த கணக்கு

என் மனைவியின் மார்பில் கட்டி இருப்பதாகத் தெரிந்த நாளிலிருந்து மருத்துவர் சொன்னதையெல்லாம் திகதியும் நேரமும் போட்டு எழுதி வருகிறேன். சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம் என்றார். அவளோ பிள்ளையாரைக் கேட்காமல் வரமாட்டேன் என்றாள்.

எங்கள் ஊரில் பூக்கட்டிப் பார்ப்பது இப்படித்தான்: ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் தனித்தனியே வாழையிலைத் துண்டில் பொதிந்து சந்நிதியில் வைத்து, ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம்.

“காசு சுண்டினாலும் உதே கணக்குத்தான்,” என்றேன். “கடவுள்தான் பதில் சொல்லுறார் எண்டால் மூண்டு தரம் கேட்டாலும் ஒரே பதில் வரவேணும். மெய்யான வாக்கு சோதிச்சால் உடையாது.”

“ஒண்டையே மூண்டு தரம் சொல்ல அவர் என்ன, உங்களைப்போல பென்சன் வாத்தியாரே?”

சிரித்தேன். ஆனால் சிவப்பு வந்துவிட்டால்? பாதிக்குப் பாதி வரக்கூடிய அந்தச் சிவப்பு என்னை விடவில்லை. வெள்ளிக்கிழமை காலை கோயில் வாசலில் பூக்களைப் பொதிந்தவன் நான்தான். இரண்டிலும் வெள்ளை நந்தியாவட்டையையே வைத்தேன். சிவப்புக்கென்று முற்றத்தில் பறித்த செவ்வரத்தை சட்டைப்பையில் நசுங்கிக் கிடந்தது.

அவள் எடுத்துப் பிரித்தாள். வெள்ளை. கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மற்றதை நான் கேணியில் போட்டேன். நாட்குறிப்பில் ‘வெள்ளை’ என்று எழுதினேன். அதில் பொய் இல்லை. எல்லாம் அவன் செயல் என்றால் என் கையும் அதற்குள் அடக்கம் என்று ஒரு தர்க்கமும் வைத்திருந்தேன். சட்டைப்பையிலிருந்த செவ்வரத்தையும் அடக்கம்தானே என்பது பிறகுதான் உறைத்தது.

சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது. பிறகு ஆறு தரம் மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். மூன்றாவதோடு தலைமயிர் போய்விட்டது. தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை.

“இஞ்சாருங்கோ, உந்த மருந்தை நிப்பாட்டட்டோ எண்டு பிள்ளையாரைக் கேப்பம். நீங்களே கட்டுங்கோ. இந்தமுறை மற்றப் பொதியையும் பிரிச்சுப் பாப்பம். சோதிச்சால் உடையாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?”

அவள் முகத்தில் துளிச் சந்தேகம் இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

“போனமுறை ரெண்டும் வெள்ளை,” என்றேன். “நான்தான் வைச்சனான்.”

கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தாள்.

“அப்ப என்னை அனுப்பினது நீங்கள்.”

“ஓம்.”

“அவர் சொன்னவர் எண்டுதான் நான் பயமில்லாமல் போய்ப் படுத்தனான்.” தலைத்துணியை முன்னுக்கு இழுத்துவிட்டாள். “சரி. அப்ப இதையும் நீங்களே சொல்லுங்கோ. நிப்பாட்டுறதோ, ஏத்துறதோ?”

நூற்றுக்கு எத்தனை பேர் பிழைப்பார்கள் என்று மருத்துவர் சொன்ன வீதங்கள் எல்லாம் என் நாட்குறிப்பில் இருந்தன. எடுத்துப் புரட்டினேன்; மூடி வைத்தேன். அன்றைய பக்கத்தில் திகதி மட்டும் இருக்கிறது.