நெய் படிந்த பாறை

தொண்ணூறுகளில் ஒரு கார்த்திகை தீபம் முடிந்த வாரம், மெட்ராஸிலிருந்து வந்த என் மனைவியின் தம்பி சேகரை அண்ணாமலை உச்சிக்கு அழைத்துப் போனேன். தீபக் கொப்பரையிலிருந்து வழிந்த நெய், பாறையெங்கும் கரியோடு படிந்திருந்தது.

“மாமா, ரொம்ப வழுக்குது. ஷூவைக் கழட்டியே ஆவணுமா?”

“மலையே சாமிடா. சாமி தலையில ஷூவோட நிப்பியா? மெட்ராஸ்காரனுக்குக் கால் கூசுதாக்கும்!”

எனக்கு அவ்வளவு பக்தியில்லை. மச்சானை மட்டம் தட்டும் ஆசைதான். சிரித்துக்கொண்டே கழற்றினான். நாலடி வைப்பதற்குள் சறுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. அதன்பின் அவன் ஊன்றுகோல் இல்லாமல் நடக்கவில்லை.

அவனாகவே கழற்றினான் என்று வீட்டில் சொன்னேன். சேகர் மறுக்கவில்லை.

இப்போது மலைக்கு வழி கேட்பவர்களிடம் நெய்ப்பாறையைப் பற்றி எச்சரித்து, காலில் இருப்பதைக் கழற்றாதீர்கள் என்கிறேன். மனைவியிடம் மட்டும் உண்மையைச் சொன்னதில்லை. இந்த இதழை அவள் தவறாமல் படிப்பாள்.