தானாக இறங்கிய மிஷின்

என் அக்கா மகளுக்கு வீட்டில் முந்திரிக்கொட்டை என்றுதான் பெயர். எதிலும் முந்திக்கொண்டு மூக்கை நுழைப்பாள். பஸ்ஸில் ஏறினால் டிரைவரிடம் பிரேக்கைப் பற்றிக் கேட்பாள், கடைக்குப் போனால் தராசைப் பற்றிக் கேட்பாள். அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே போனால் எனக்குத்தான் மானம் போகும்.

அவள் பிறப்பதற்கு முன்பே அவளுடைய அப்பாவுக்கு வலது கை போய்விட்டது. என் அத்தான் பாத்திர மூடி செய்கிற பட்டறையில் பிரஸ் மிஷின் ஓட்டினார். தகட்டை உள்ளே வைத்துப் பட்டனை அமுக்கினால் மேலிருந்து அச்சு இறங்கும், தகடு மூடியாகிவிடும். ஒருநாள் கை உள்ளே இருக்கும்போதே அச்சு இறங்கிவிட்டது. "மிஷின் தானா எறங்கிடுச்சு" என்று முதலாளியிடம் சொன்னார். டாக்டரிடமும் அதையே சொன்னார். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், அவர்களிடமும் அதையேதான் சொன்னார். பட்டறைக்காரர்கள் அந்த மிஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள்.

விவரம் தெரிந்த நாளிலிருந்து முந்திரிக்கொட்டைக்கு அந்த மிஷின் மேல் ஜென்மப் பகை. "நான் இன்ஜினியராகித் தானா எறங்காத மிஷின் செய்வேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். அத்தான் பதில் பேசமாட்டார். பெருமையில் வாயடைத்துப் போயிருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.

சொன்னபடியே மெக்கானிக்கல் சேர்ந்தாள். ஏன் இந்தப் படிப்புக்கு வந்தீர்கள் என்று முதல் நாள் வகுப்பில் ஒவ்வொருவரையும் கேட்டார்களாம். அப்பா சேர்த்துவிட்டார் என்றான் ஒருவன். மார்க் வந்தது, சேர்ந்துவிட்டேன் என்றாள் இன்னொருத்தி. இவள் அப்பாவின் கையைச் சொன்னாளாம். தெரு முழுக்க நான்தான் அதைத் தம்பட்டம் அடித்தேன்.

இரண்டாம் வருஷம் பட்டறை வகுப்பில் அவர்களுக்கு பிரஸ் மிஷினைக் காட்டினார்கள். அதில் இடது பக்கம் ஒரு பட்டன், வலது பக்கம் ஒரு பட்டன். இரண்டையும் ஒன்றாக அமுக்கினால்தான் அச்சு இறங்கும். அப்போது இரண்டு கையும் வெளியேதானே இருந்தாக வேண்டும்?

"தானா எறங்கிடுச்சுன்னா சார்?" என்று இவள் கேட்டிருக்கிறாள்.

வாத்தியார் சிரித்துவிட்டாராம். "தானா எங்கம்மா எறங்குது? வேலை சுலபமா இருக்கட்டும்னு ஒரு பட்டனை டேப் போட்டு அமுக்கி வச்சிடுவாங்க. அப்புறம் ஒரு கை உள்ள இருக்கும்போதே இன்னொரு கை அமுக்கிடும். கை போனதும் பழி மிஷின் மேல."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவளின் முகமே சரியில்லை. எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். அத்தான் இடது கையில் கரண்டியை எடுத்ததும் ஆரம்பித்தாள்.

"அப்பா, உங்க மிஷின்ல ரெண்டு பட்டன் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்ப எப்படிப்பா தானா எறங்கும்?"

"எறங்குச்சு. பேசாம சாப்பிடு."

"பொய் சொல்லாதீங்கப்பா. வகுப்புல வாத்தியாரே சிரிச்சாரு. எந்த முட்டாள் அந்தப் பட்டன்ல டேப் ஒட்டினது?"

"அப்பாகிட்ட பேசுற பேச்சாடி இது?" என்று நான் எகிறினேன்.

பரிமாறிக்கொண்டிருந்த அக்கா பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "அவரைக் கேக்காத. ஒட்டினது நான்தான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அக்காவும் அதே பட்டறையில்தான் வேலை பார்த்தாள். அச்சடித்த மூடிகளைப் பெட்டியில் அடுக்கி டேப் ஒட்டுவாள். அது எனக்குத் தெரியும். இது தெரியாது.

"தோள்பட்டை வலி. ரெண்டு கையையும் தூக்கித் தூக்கி அமுக்க முடியாம பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னாரு. எனக்குப் பாக்கப் பொறுக்கல. வேணாம்னுதான் சொன்னாரு. சும்மா இருங்கன்னு நான்தான் ஒட்டினேன். ஆள் ஓடி வர்றதுக்குள்ள நானே பிய்ச்சும் போட்டேன்."

"இவ சும்மா சொல்றா. மிஷின் தானாத்தான் எறங்குச்சு" என்றார் அத்தான். இத்தனை வருஷமாக ஊர் வாய்க்கு அக்காவைக் கொடுக்காமல் காப்பாற்றி வைத்திருந்த மனுஷன், இப்போதும் விட்டுக்கொடுக்கவில்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

முந்திரிக்கொட்டை எச்சில் கையோடு உட்கார்ந்திருந்தாள்.

"உன் பகையாளி மிஷின் இல்லடி, நான்தான். இனிமே எதுக்கு அந்தப் படிப்பு?" என்றாள் அக்கா.

"படிப்பேம்மா." அவள் அம்மா பக்கம் திரும்பினாள். "டேப் ஒட்டினா ஓடவே ஓடாத மாதிரி செய்யலாம்மா. ஒவ்வொரு தடவையும் ரெண்டு பட்டன்லேருந்தும் கையை எடுத்துட்டு அமுக்கினாத்தான் எறங்கும். பாக்கப் பொறுக்காம யாராவது ஒட்டத்தான் செய்வாங்க. அவங்களுக்கும் சேத்துத்தாம்மா மிஷின் செய்யணும்."

அக்கா தன் மகளை வெறித்துப் பார்த்தாள். சமாதானமான முகமாக எனக்குப் படவில்லை.

"செய்யி. நல்லா செய்யி. அன்னைக்கு நீ என் வயித்துல இருந்த. அப்படி ஒரு மிஷின் அப்பவே இருந்திருந்தா, பொறந்ததும் உன்னை உங்கப்பா ரெண்டு கையாலயும் வாங்கியிருப்பாரு."