கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பவர்

கடைசிப் பக்கத்தை மேலே வைத்து, முதல் பக்கத்தை அடியில் தள்ளி, காகிதக் கட்டை மேசையில் இரண்டு தட்டு தட்டிச் சமன் செய்த பிறகுதான் ஹில்டா மிஸ்கித் கண்ணாடியைப் போட்டுக்கொள்வார். வேலையில் பார்ப்பதை வெளியே சொல்லமாட்டோம் என்ற ரகசியக் காப்பு ஒப்பந்தம் எந்த நிறுவனத்திலிருந்து வந்தாலும் இதே வரிசைதான். "முதல் பக்கம் கல்யாணப் பத்திரிகை மாதிரி, எல்லாரும் நல்லவங்களா இருப்பாங்க. சண்டை வந்தா எந்த ஊர் கோர்ட்டு, யாரு தலையில செலவு, எத்தனை வருஷம், இதெல்லாம் கடைசிலதான் ஒளிஞ்சிட்டிருக்கும்."

மங்களூர் பெஜையில், மாதா சிலை வைத்த சந்தின் மூன்றாவது ஓட்டு வீடு அவருடையது. வயது அறுபத்திரண்டு. ஹம்பன்கட்டாவில் ஒரு வக்கீலிடம் இருபது வருடம் தட்டச்சு செய்தவர். வக்கீல் காலமான பிறகு ஆங்கிலத்திலிருந்து கன்னடத்துக்கும் கொங்கணிக்கும் மொழிபெயர்த்துச் சம்பாதிக்கிறார். அவரையும் என்னையும் சேர்த்து, இப்படி வீட்டில் உட்கார்ந்து, நிறுவனங்கள் அனுப்பும் துண்டு வேலைகளைச் செய்து பிழைப்பவர்கள் ஊரில் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மேல், கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் வைத்திருப்பவர்கள் பாயம்மா வீட்டுக்குப் போவோம். கிறிஸ்தவப் பெண்மணியை இந்த ஊர் அப்படித்தான் கூப்பிடும். பதினெட்டு வருடமாக இங்கே இருக்கும் எனக்கும் அவர் பாயம்மாதான்.

ஒப்பந்தம் வந்தால் இரண்டு நாள் அதைத் திறக்காமலே வைத்திருப்பேன். சொந்த ஊரை விட்டு வந்து குடியிருப்பவனுக்கு எந்தக் காகிதமும் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் போலத்தான் தெரிகிறது. இரண்டு மொழியில் படித்திருந்தும், 'தகவலைப் பெறும் தரப்பு' என்று வந்ததும் கண் தானாக அடுத்த வரிக்கு ஓடிவிடும். முதல் நாள் பாயம்மா அதைக் கவனித்துவிட்டார். "பெறும் தரப்புன்னு எழுதினா யாரோ அடுத்த வீட்டுக்காரன்னு நினைச்சுக்குவோம். அந்த இடத்துல உன் பேரைப் போட்டுப் படி மாராயா." மாராயா என்றால் இந்த ஊரில் 'ஐயா' மாதிரி, பெண்ணானால் மாராய்தி. போட்டுப் படித்தேன். 'ஏற்படும் எல்லா இழப்புகளையும் சண்முகவேல் ஈடுசெய்வார்' என்று வந்தது. கையிலிருந்த டீயைக் கீழே வைத்தேன்.

இழப்பீடு என்ற சொல்லைக் கண்டால் பாயம்மா அதற்கு முன்னால் இருக்கும் 'எல்லா' என்பதைச் சுழித்துவிடுவார். ஓரத்தில், அந்த வேலைக்குக் கிடைத்த கூலியின் அளவுக்கு மட்டும் என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்திட்டு அனுப்புவார். பாதிப் பேர் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, பாவம், மறுபடி ஒரு கடிதம் போகும். எது ரகசியம் என்பதற்கு 'நாங்கள் தரும் அனைத்தும்' என்று ஒரு நிறுவனம் விளக்கம் தந்திருந்தது. நீங்கள் அனுப்பிய தீபாவளி வாழ்த்தும் அதில் அடக்கமா என்று கேட்டு எழுதினார். இன்னொன்றில் 'காலவரையின்றி' என்று இருந்தது. "செத்தப்புறமும் வாயைத் திறக்கக் கூடாதாம். சாகறதுக்கு முன்னாடி பாதர்கிட்ட பாவமன்னிப்புல சொல்லலாமான்னு கேட்டிருக்கேன்" என்றார். சிரிக்கவில்லை. அந்த நிறுவனத்திலிருந்து ஐந்து வருடம் என்று திருத்திய பிரதி வந்தது.

விதிவிலக்குப் பகுதியை மட்டும் உட்கார்ந்து ரசிப்பார். ஏற்கெனவே ஊரறிந்தது, முன்பே நமக்குத் தெரிந்தது, நீதிமன்றம் கேட்டால் சொல்லியே ஆக வேண்டியது, இவையெல்லாம் ரகசியம் ஆகாது என்று எழுதியிருக்கும் பகுதி அது. அந்தப் பகுதி இல்லாத ஒப்பந்தத்தை ஜன்னலில்லாத வீடு என்பார். அதற்காக ஜன்னலைத் திறந்து வைப்பவர் என்று நினைக்க வேண்டாம். ஒரு சோப்புத் தூளுக்கு அவர் எழுதிக் கொடுத்த கன்னட வரி டிவியில் ஒரு நாளைக்கு இருபது முறை ஒலித்தபோதுகூட, அது யார் எழுதியது என்று கேட்ட தன் தங்கையிடம் அவர் மூச்சு விடவில்லை. ஊரறிந்தது அந்த வரிதான், அதை எழுதிய கை இன்னும் ரகசியத்தில்தான் இருக்கிறது என்று என்னிடம் சமாதானம் சொன்னார். அதையும் ஆறு மாதம் கழித்து, ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகுதான் சொன்னார்.

போன ஆடி மழையில் வினுதா ஆள்வா குடையை மடக்கக்கூட மறந்து உள்ளே வந்தாள். எங்கள் பன்னிரண்டு பேரில் ஒருத்தி. நான்கு வருடமாக, புனேயில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு மருத்துவ ஆராய்ச்சிக் காகிதங்களைக் கன்னடமாக்குகிறாள். புது மருந்தைச் சோதித்துப் பார்க்கச் சம்மதிக்கும் நோயாளிகளுக்குக் கொடுக்கும் விளக்கங்கள் அவை. கணவர் படகு விபத்தில் அடிபட்டுப் படுத்த பிறகு அந்த ஒரு நிறுவனம்தான் அவள் வீட்டுக்கு அடுப்பு.

நடந்தது எங்கள் தொழிலுக்கே உரிய தவறு. ஒரு சொல்லில் சிக்கினால் வாட்ஸ்அப் குழுவில் கேட்பது எங்கள் வழக்கம். வெறும் சொல்லைக் கேட்டால் ஹந்தே மாஸ்டர் எரிந்து விழுவார். ஓய்வுபெற்ற கன்னட ஆசிரியர், குழுவில் மூத்தவர். வாக்கியத்தைக் காட்டாமல் சொல்லுக்கு அர்த்தம் கேட்பது, ஆளைக் காட்டாமல் சட்டைக்கு அளவு கேட்பது போல என்று திட்டியே எங்களைப் பழக்கியிருந்தார். அதனால் வினுதா அந்தப் பத்தியையே திரையில் படம் பிடித்து அனுப்பினாள். பத்து நிமிடத்தில் மாஸ்டர் அருமையான சொல் ஒன்றைத் தந்தார். மறுநாள் மதியம்தான், படத்தின் மேல் ஓரத்தில் மருந்து நிறுவனத்தின் பெயரும் மருந்தின் எண்ணும் தெரிவதை அவள் பார்த்தாள். உடனே குழுவிலிருந்து எல்லோருக்குமாகப் படத்தை நீக்கினாள்.

மாஸ்டரிடம் போனில் அழுதிருக்கிறாள். அந்தப் பெயரை யாரும் கவனிக்கவில்லை, யாரும் சொல்லப்போவதில்லை, நீயாகப் போய் ஏன் தலையைக் கொடுக்கிறாய் என்பது அவர் யோசனை. உள்ளதைச் சொன்னால் என் யோசனையும் அதுதான்.

பாயம்மா யோசனை எதுவும் சொல்லவில்லை. ஒப்பந்தம் எங்கே என்று கேட்டார். வினுதாவிடம் பிரதி இல்லை. நான்கு வருடப் பழைய மெயிலில் தேடிக் கண்டெடுத்து, சந்து முனைக் கடையில் அச்சடித்துக்கொண்டு வந்தாள். பாயம்மா கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கினார். வெளியே மழை. இரண்டாவது பக்கத்துக்கு வந்தபோது நகத்தால் ஒரு வரியை அழுத்திக் காட்டினார். தவறுதலாகத் தகவல் வெளியே போனால், தெரிந்த மூன்று நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்து, பரவாமல் தடுக்க ஒத்துழைத்தால் அது ஒப்பந்த மீறல் ஆகாது. மறைத்தால் ஆகும்.

"இன்னைக்கு ரெண்டாவது நாள்" என்றார் பாயம்மா.

"சொன்னா பட்டியல்லேர்ந்து பேரை எடுத்துருவாங்க பாயம்மா. நாலு வருஷம்."

"எடுக்கலாம். சொல்லாம இருந்து அவங்களே கண்டுபிடிச்சா, எடுக்கலாம்கிற பேச்சே இருக்காது. அழுறதுக்கு இதுல மூணு நாள் கொடுக்கலை மாராய்தி. எழுது."

எழுதினாள். பாயம்மா பாதியை வெட்டினார். என்ன நடந்தது, எப்போது, எத்தனை பேர் பார்த்தார்கள், இதுவரை என்ன செய்திருக்கிறேன் என்ற நான்கு விவரம் மட்டும் மிஞ்சியது. மன்னிப்பு ஆறு இடத்தில் இருந்தது, ஒன்றை விட்டுவைத்தார்.

திங்கட்கிழமை புனேயிலிருந்து ம்ருணாள் கோட்போலே என்ற அதிகாரி பதில் எழுதினார். நீங்களே சொன்னதைக் குறித்துக்கொண்டோம், இப்போதைக்கு வேலையை நிறுத்தி வைக்கிறோம் என்று ஆரம்பித்தது. படத்தைப் பார்த்திருக்கக்கூடிய பதினோரு பேரும், அதை அழித்துவிட்டோம், எந்தப் பிரதியும் வைத்திருக்கவில்லை, வேறு யாரும் பார்க்கவில்லை என்று தனித்தனியே கையெழுத்திட்டுக் கடிதம் தர வேண்டும். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் வந்தால் விஷயத்தை இத்துடன் முடித்துவிடலாம். வராவிட்டால் வினுதாவைத் தொடர்ந்து வைத்திருப்பது கடினம்.

பாயம்மா கடித வாசகத்தைத் தட்டச்சு செய்து, முதல் கையெழுத்தைத் தானே போட்டார். இரண்டாவது நான். என் பெயரைப் போட்டு மூன்று முறை படித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் பத்துக் கடிதம் சேர்ந்துவிட்டது.

பதினோராவது கடிதம் ஹந்தே மாஸ்டருடையது. அவர் போடமாட்டேன் என்றார். என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறாயா என்று வினுதாவிடம் கத்தியிருக்கிறார். இதுவரை முப்பது ஒப்பந்தத்துக்காவது கையெழுத்துப் போட்டிருப்பார், ஒன்றையும் படித்ததில்லை. நம்பிக்கைதான் முக்கியம், கையெழுத்து வெறும் சம்பிரதாயம் என்று எங்களுக்கே உபதேசம் செய்தவர். வினுதா அவர் வீட்டுக்கு இரண்டு நடை போனாள். இரண்டாவது முறை கதவைத் திறந்தது அவருடைய மனைவி.

சனிக்கிழமை நாலு மணிக்கு வேட்டி நுனியைப் பிடித்தபடி அவரே பெஜைக்கு வந்துவிட்டார். வினுதாவைப் பார்க்காமல் பாயம்மாவிடம், "எங்கே அந்த உங்க காகிதம்?" என்றார்.

பாயம்மா கொடுத்தார். மூன்று வரிக் கடிதம். மாஸ்டர் படிக்க ஆரம்பித்தார். படித்து முடித்து மறுபடி மேலே போனார். சுவர்க் கடிகாரம் நாலேகாலைத் தாண்டியது. வினுதா அவருடைய விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இரண்டாவது வரியில் நின்றது, மூன்றாவதுக்கு நகர்ந்தது, திரும்பி வந்தது.

நான் பொறுக்க முடியாமல், "மூணு வரிதானே மாஸ்டரே" என்றேன்.

"மூணு வரின்னா? இதுல 'நான்'னு இருக்குதே மாராயா. இத்தனை வருஷத்துல எந்தக் காகிதத்துலயும் என்னை நான் பார்த்ததில்லை. இதுல பார்க்கிறேன். சும்மா போட முடியுமா?" என்றவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வினுதா வீட்டுல வச்சுட்டுப் போன பிரதியில நேத்து ராத்திரியே போடலாம்னுதான் இருந்தேன். வேறு யாரும் பார்க்கலைன்னு இருக்குது பாருங்க, அங்க நின்னுட்டேன். என் போனுக்கு வர்ற படமெல்லாம் தானா துபாயில என் மகன் கம்ப்யூட்டருக்குப் போயிடும். பேரப்பிள்ளைங்க படம் தொலையக் கூடாதுன்னு அவன் பண்ணி வச்சது. இந்தப் படமும் அங்க போயிருக்கு. அவனைக் கேட்டேன். இருக்குதுன்னான். அழிச்சுட்டான், நான் வீடியோ கால்லேயே பார்த்தேன். ஆனா அவன் பார்த்துட்டான் இல்லையா? அப்போ யாரும் பார்க்கலைன்னு நான் எப்படி எழுதுவேன்?"

 கோபித்துக்கொண்டு வாசலுக்கே வராத மனிதர் ராத்திரி அந்தக் காகிதத்தோடு உட்கார்ந்திருந்தது இதற்காகத்தானா என்று நினைத்துக்கொண்டேன். வினுதா மேசையிலிருந்த பத்துக் கடிதங்களைப் பார்த்தாள். ஒரு கடிதம் குறைந்தால் எல்லாம் போச்சு. பொய்யான கடிதம் போனால், அதைவிடப் போச்சு.

பாயம்மா எழுந்து உள்ளே போய்த் தன் போனை எடுத்து வந்தார். அதை வினுதாவிடம் நீட்டி, "என்னோடதுல படங்க எங்க சேருதுன்னு பாரு" என்றார். குழுவில் படம் நீங்கியிருந்தது. ஆனால் போனின் படத் தொகுப்பில், ஒரு சர்ச் ஊர்வலத்துக்கும் ஒரு மீன் குழம்புக்கும் நடுவில், மருந்தின் எண் பளிச்சென்று இருந்தது. தானாகவே இறங்கிச் சேர்ந்துகொண்டிருக்கிறது. நான் சத்தமில்லாமல் என் போனைத் திறந்தேன். என்னிடமும் இருந்தது.

பாயம்மா கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, வினுதாவின் விரலால் அதை அழிக்கச் செய்தார். கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

"எல்லாருக்கும் போன் போடு. எங்கெல்லாம் போயிருக்குன்னு பார்த்து, அழிச்சுட்டு, பார்த்ததை அப்படியே எழுதச் சொல்லு. ஒரே மாதிரி வேண்டாம்" என்று அவளிடம் சொன்னார். புனேக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று அவள் கேட்டதற்கு, முதல் கடிதத்தில் உண்மையைச் சொன்னபோது என்ன சொன்னார்களோ அதைத்தான் சொல்வார்கள் என்றார். வினுதா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதல் எண்ணை அழுத்தினாள்.

பிறகு ஹில்டா மிஸ்கித் பத்துக் கடிதங்களின் அடியிலிருந்து தான் கையெழுத்திட்டதை உருவினார். அதை நாலாகக் கிழித்தார். ஒரு வெள்ளைத் தாளை இழுத்து வைத்து, பேனா மூடியைக் கழற்றி, முதல் பெஞ்சுப் பிள்ளை போல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டு, மாஸ்டர் வாயைத் திறந்து வாசகம் சொல்லக் காத்திருந்தார்.