ஒரு நண்பரைச் சேர்த்தால் பாதி விலை

போன வாரம் ஓர் ஏர் ஃப்ரையர் என்னைப் பார்த்து, உனக்கு நண்பர் இருக்கிறாரா என்று கேட்டது.

சிரிக்காதீர்கள்... உண்மைதான். தினம் ஒரு சலுகையைக் கண்ணில் காட்டும் ஆன்லைன் கடைகள் உங்களுக்கும் தெரிந்திருக்கும். 'இன்று மட்டும்' என்று சிவப்பு எழுத்து மின்னும். பக்கத்தில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடும் — ஏதோ நாம்தான் குண்டு வைத்துவிட்ட மாதிரி. அப்படி ஒன்றில்தான் அந்த ஏர் ஃப்ரையரைப் பார்த்தேன். தனியாக வாங்கினால் ஒரு விலை. ஒரு நண்பரைச் சேர்த்துக்கொண்டால் பாதி விலை. 'இந்த லிங்க்கை உங்கள் நண்பருக்கு அனுப்புங்கள்' என்றது.

இந்தக் கடைகளை நம்பலாமா என்று உங்களில் சிலர் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். என் அனுபவம் கலவையானது. படுக்கை விரிப்பு வாங்கினேன். மேசை விரிப்பு அளவில் வந்தது. குடை வாங்கினேன்; மழையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தாங்கியது. ஆனால் அதே கடையில் வாங்கிய இஸ்திரிப் பெட்டி இன்றுவரை ஒரு குறையும் சொல்லாமல் உழைக்கிறது. என்ன செய்வது?

என் மனைவி ராஜி இறந்து ஏறக்குறைய ஒரு வருடம் ஆகிறது. இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அது தெரியும். அதற்குப் பிறகுதான் எனக்கு ஒன்று புரிந்தது — பத்துப் பேருக்குச் சமைப்பது கஷ்டம் என்பார்கள். இல்லை. ஒருவருக்குச் சமைப்பதுதான் கஷ்டம். ஒரே ஒரு துண்டு மீனைப் பொரிக்க எவ்வளவு எண்ணெய் ஊற்றுவது? மிச்ச எண்ணெயை என்ன செய்வது? ஆகவே ஏர் ஃப்ரையர்.

சரி, நண்பருக்கு எங்கே போவது? கைப்பேசியில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். மகள் மெல்பர்னில் இருக்கிறாள்; இந்தக் கடை அவளுக்கு உதவாது. கேஸ் கொண்டுவருபவர். பைப் ரிப்பேர் செய்பவர். பல் டாக்டர். 'ரா' எழுத்து வந்தபோது கொஞ்சம் வேகமாகத் தள்ளினேன். அந்தப் பெயரை நான் இன்னும் அழிக்கவில்லை.

கடைசியில் மேலே திரும்பி, மரியதாஸிடம் வந்து நின்றேன்.

தாஸும் நானும் செனாயில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். ஒரே காரில் போய் ஒரே காரில் திரும்புவோம். தீபாவளிக்கு அவன் குடும்பம் எங்கள் வீட்டில், கிறிஸ்துமஸுக்கு நாங்கள் அவன் வீட்டில். வேலையை விட்டதும் அவன் லாபிஸ் பக்கம் போய்விட்டான். மனைவி ஸ்டெல்லாவுக்கு அங்கே கொஞ்சம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் உண்டு. முதலில் வாரம் ஒரு போன். பிறகு மாதம் ஒன்று. பிறகு... உங்களுக்கே தெரியும், எப்படி என்று.

ராஜியின் காரியத்துக்கு அவன் வரவில்லை. அது எனக்குள் முள்ளாகவே இருந்தது. பிறகு ஏன் அவனுக்கு அனுப்பினேன் என்கிறீர்களா? மலிவு விலை என்றால் தொழிற்சாலையில் முதலில் ஓடுபவன் அவன்தான். அதோடு, மனசில் முள் இருக்கும்போது போன் பண்ணுவதுதான் கஷ்டம். லிங்க் அனுப்புவது சுலபம்.

அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் அவனே கூப்பிட்டான்.

"யாரு பேசுறது?"

"நான்தான்டா, குணா. லிங்க் வந்துச்சா?"

"எந்த குணா?"

"எத்தன குணாவடா ஒனக்குத் தெரியும்? ஒன்னா கார்ல போனோமே, அந்த குணா."

"அலமாக்! கொரல அப்படியே எடுத்துட்டானுங்களே," என்றான் பக்கத்தில் யாரிடமோ. பிறகு என்னிடம் திரும்பினான். "இங்க பாரு, எங்க கம்பத்துல, நாலு வீடு தள்ளி ஒருத்தருக்கு இப்படித்தான் லிங்க் வந்துச்சு. அமுக்குனாரு, பேங்க்ல இருந்தது பூரா போச்சு. இப்பல்லாம் கொரலயே காப்பி அடிக்கிறானுங்க. என்கிட்ட நடக்காது லா."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "டேய், நெசமாவே நான்தான்டா."

"அப்படியா? சரி. நீ குணாதான்னா, தங்கச்சிய பேசச் சொல்லு. ராஜி கொரலு எனக்குத் தெரியும். அது ஒரு வார்த்த பேசட்டும், நம்புறேன்."

அவனுக்குத் தெரியாது. இத்தனை நாளும் அவனுக்குத் தெரியவே தெரியாது!

"ராஜி இல்லடா," என்றேன்.

"எங்க போயிருக்கு?"

என்ன சொல்வது? ஏர் ஃப்ரையர் வாங்கக் கூப்பிட்ட பேச்சின் நடுவே அதை எப்படிச் சொல்வது?

"பாத்தியா, மாட்டிக்கிட்ட! வேற யாரையாவது போயி ஏமாத்து," என்று வைத்துவிட்டான். நான் திரும்பக் கூப்பிட்டேன். போகவில்லை. என்னை பிளாக் செய்துவிட்டான்.

அத்தோடு விட்டானா? குணாவின் போனை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள், ஜாக்கிரதை என்று தன் வாட்சாப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டான். அன்று மதியம் முழுக்க என் கைப்பேசி அடித்துக்கொண்டே இருந்தது. பழைய தொழிற்சாலை ஆட்கள். பெயர் மறந்துபோன ஆட்கள். "அண்ணே, ஒங்க போனு ஹேக் ஆயிருச்சாமே?" "இல்லப்பா." "ஓ, ஓகே லா அப்ப." அவ்வளவுதான்... அடுத்த ஆள். உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கு அது பிடித்திருந்தது. இந்த வீட்டில் அவ்வளவு மணிச் சத்தம் கேட்டு எத்தனையோ மாதமாகிறது.

கடைசியாகக் கூப்பிட்டது முனியாண்டி. எங்களோடு வேலை பார்த்தவர், ராஜியின் காரியத்துக்கு வந்து கடைசிவரை நின்றவர்.

"தாஸுக்கு ராஜி விஷயம் தெரியாதா, முனியாண்டி?" என்று கேட்டேன்.

"நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நான் நெனச்சேன்ணே."

நானோ அவர் சொல்லியிருப்பார் என்று நினைத்திருந்தேன். இன்னொருவர் சொல்லியிருப்பார் என்று எல்லோரும் நினைத்திருக்கிறோம். இப்படித்தான் ஒரு செய்தி ஒரே ஓர் ஆளை மட்டும் தாண்டிப் போய்விடுகிறது.

"நான் வேணா இப்ப கூப்ட்டு சொல்லட்டுமாண்ணே?"

"வேணாம். நானே நேர்ல போறேன்."

இதற்கிடையில் கடைக்காரன் கதை என்ன ஆனது? நேரம் முடியப்போகும்போது கடையே முகம் தெரியாத ஓர் ஆளை எனக்கு நண்பராகச் சேர்த்துவிட்டது! அவர் பெயரில் பாதி நட்சத்திரக் குறிகள். பாதி விலைக்கே பொருள் வந்தது. சொன்ன நாளில், சொன்ன நிறத்தில். மீனும் நன்றாகவே பொரிகிறது. ஆக, கேட்டவர்களுக்கு என் பதில்: வாங்கியவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படித்துப் பாருங்கள், பணத்தை அந்தக் கடைக்குள்ளேயே கட்டுங்கள், வெளியே அனுப்பச் சொன்னால் ஓடிவிடுங்கள், மற்றபடி, ஓரளவு நம்பலாம். விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை என் ஊரான கூலாயிலிருந்து லாபிஸுக்குக் கிளம்பினேன். யோங் பெங்கில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் அப்புறம் இரண்டு பக்கமும் செம்பனைதான். குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் நத்தை மாதிரி போகும்போது, எப்படி ஆரம்பிப்பது என்று நானே எனக்குள் பேசிப் பார்த்தேன். எதுவும் சரியாக வரவில்லை. பாதியில் திரும்பிவிடலாமா என்றுகூட ஒரு தடவை தோன்றியது.

தாஸ் தன் வீட்டு வாசலில் நின்று பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். முடி முழுக்க வெளுத்துவிட்டது. நான் காரிலிருந்து இறங்குவதைப் பார்த்ததும் குழாயைக் கீழே போட்டான்.

"டேய்... நெசமாவே நீதானாடா?"

"நான்தான்."

"அப்ப அன்னிக்கு போன்ல?"

"அதுவும் நான்தான்."

"அலமாக்!" என்று தலையில் கை வைத்துச் சிரித்தான். சிரித்துக்கொண்டே எனக்குப் பின்னால், காரின் இடது பக்கக் கதவைப் பார்த்தான். அது திறக்கும் என்று கொஞ்சம் காத்திருந்தான். "தங்கச்சி வரல?"

"அதச் சொல்லத்தான்டா வந்தேன்."

வழியெல்லாம் பேசிப் பார்த்த ஒரு வாக்கியமும் தேவைப்படவில்லை. என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான். கேட்டைத் திறக்க வந்தவனுக்குக் கொக்கியைத் தூக்க முடியவில்லை. ஸ்டெல்லாதான் உள்ளேயிருந்து வந்து திறந்தாள்.

"நான் போயி... பேசச் சொல்லு பேசச் சொல்லுன்னு..." என்றான் தாஸ்.

"ஒனக்குத் தெரியாதுல்ல. விடு."

"ஏன்டா ஒரு வார்த்த சொல்லல?"

"தெரிஞ்சும் நீ வரலன்னு நெனச்சேன். கோவமா இருந்தேன்."

"நீ என்னய மறந்துட்டன்னு நான் கோவமா இருந்தேன்," என்றான்.

முன்னறையில் உட்கார்ந்தோம். ஸ்டெல்லா காப்பியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "எப்படிண்ணே ஆச்சு? மொதல்லேருந்து சொல்லுங்க," என்றாள்.

அந்தக் கேள்வியைக் கேட்டபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இதை என்னிடம் யாருமே கேட்கவில்லை. காரியத்துக்கு வந்தவர்கள் எல்லாம் செய்தி தெரிந்துதானே வந்தார்கள்? ஹார்ட் அட்டாக், டக்கென்று போய்விட்டாள் — வாசலிலேயே ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லி முடித்துவிட்டார்கள். எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை யாரிடம் போய்ச் சொல்வது? சொல்லப்படாமலேயே அது என்னிடம் தங்கிவிட்டது. கடைசியில், விஷயம் தெரியாத இரண்டு பேர் எனக்குக் கிடைத்தார்கள்.

சொன்னேன். மழை வருகிற மாதிரி இருந்தது. 'துணிய எடுங்க' என்றாள். அவள் பேசிய கடைசி வார்த்தை அதுதான். நான் பின்பக்கம் போய் எடுத்தேன். போர்வை ஒன்று கொடியில் சிக்கிக்கொண்டது. அதை இழுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்தபோது அவள் நாற்காலியில் தலையைச் சாய்த்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து, சத்தம் போடாமல் துணியை மடித்து அடுக்கினேன். எல்லாவற்றையும் மடித்து முடித்த பிறகுதான் கூப்பிட்டேன்.

மகளிடம்கூட அந்தத் துணி மடித்ததை நான் சொன்னதில்லை.

'விதி' என்றோ 'நல்ல சாவு' என்றோ சொல்லாமல் இருந்ததற்கே தாஸைக் கட்டிப்பிடித்திருக்கலாம். ஸ்டெல்லா மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மடிச்ச துணிய அப்பறம் என்னண்ணே பண்ணீங்க?" என்று கேட்டாள்.

"அலமாரில வெச்சேன். அவளுது இன்னும் அங்கதான் இருக்கு."

தலையை ஆட்டினாள். அப்புறம் சமையலுக்கு எழுந்து போனாள்.

மத்தியானம் அங்கேதான் சாப்பாடு. கோழிக் குழம்பும் கங்கோங் கீரையும். நான் போதும் என்று சொன்ன பிறகும் ஒரு கரண்டி சோறு விழுந்தது. அதைத் தடுக்க எனக்கு மனசு வரவில்லை.

கிளம்பும்போது தாஸ் என் கண் முன்னாலேயே கைப்பேசியை எடுத்து பிளாக்கை நீக்கினான். கார் கண்ணாடிக்குள் தலையை விட்டு, "வீட்டுக்குப் போயி சேந்ததும் போன் பண்ணு," என்றான்.

கூலாய் வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. வீட்டில் விளக்கு எரியவில்லை. எரியாது, நான் போனால்தானே போடுவேன்? செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே கூப்பிட்டேன்.

"வந்துட்டேன்டா."

"சரி லா. போயி குளி."

அவ்வளவுதான் பேச்சு. பிறகு கதவைத் திறந்து உள்ளே போனேன்.

வந்துவிட்டேன் என்று சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டியிருக்கிறது... இல்லையென்றால் வீட்டுக்குள் நின்றாலும் வந்து சேர்ந்த மாதிரியே இருப்பதில்லை.