‘உண்ட்டா’ என்றாள் மௌனிகா

ஃபாஸ்டர் பெற்றோர் வேலையில் ஒரு வசதி, நமக்குத் தகுதி இருக்கிறதா என்று அரசாங்கம் முதலிலேயே வந்து பார்த்துவிடும். ஒரு சங்கடம், அதன்பிறகு பிள்ளை வந்து தினமும் பார்க்கும். சொந்தக் குடும்பத்தில் வளர முடியாத பிள்ளையைத் தத்து எடுக்காமல், பதினெட்டு வயது வரை நம் வீட்டில் வைத்து வளர்க்கும் ஏற்பாடு இது. அதிலும் பயமும் கோபமும் மிகுந்த, எந்த இடத்திலும் நிலைக்காத பிள்ளைகளாகப் பார்த்துக் கேட்டு வாங்கிக்கொள்கிறவர்கள் எங்களைப் போல ஊருக்குச் சிலர் உண்டு. நீங்களும் அந்தக் கூட்டம் என்றால், இதைப் படிக்கும்போதும் ஒரு காதை உள்ளறைப் பக்கம் வைத்திருப்பீர்கள். அப்படியே இருங்கள், எனக்கு வருத்தமில்லை.

கீழே வருகிறவற்றில் ஒன்றை நான் பல வருஷமாக நம்பவில்லை. மௌனிகா எங்களோடு இருக்கச் சம்மதித்த கதை அது. சொன்னவள் என் மனைவி ரேவதி. அவள் பொய் சொல்கிறவள் அல்ல. ஆனால் நான் பாலாநகரில் விமானக் கருவிகளைச் சோதிக்கும் பிரிவில் வேலை பார்ப்பவன். ஒரு கருவி சரியாக ஓடினால் ஏன் ஓடுகிறது என்று சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

முதலில் தாழ்ப்பாள்

எங்கள் கொண்டாப்பூர் ஃபிளாட்டைப் பார்வையிட வந்தவர் பிரேமா மேடம். சிகந்திராபாத்தில் பல தலைமுறைகளாக இருக்கும் தமிழ்க் குடும்பம். ஆமாம் என்பதற்கு ‘ஹவ்’ என்று தலையாட்டிக்கொண்டே தமிழ் பேசுவார். ஏன் இந்த வேலைக்கு வருகிறீர்கள் என்று கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன். மகன் புனேவில் வேலைக்குப் போய்விட்டான். காலியான வீட்டுக்குச் சத்தம் தேடுகிறோமா, நிஜமாகவே ஒரு பிள்ளைக்கு ஆதரவாக இருக்க நினைக்கிறோமா என்பது எனக்கே தெளிவாக இல்லை. பிள்ளைக்குக் கோபம் வந்தால் தாங்குவேனா என்பதும் தெரியாது. பாசம் என்பது வரவழைத்தால் வருமா என்பது வேறு கேள்வி.

நான் பேசிக்கொண்டே இருந்தேன். மேடம் எழுந்து போய் பாத்ரூம் கதவை உள்ளே தாழிட்டுப் பார்த்தார், திறந்தார், மறுபடியும் தாழிட்டார். உள்ளே பூட்டிக்கொள்ளும் பிள்ளையை வெளியிலிருந்து எப்படி எடுப்பீர்கள் என்று கதவுக்குப் பின்னாலிருந்தே கேட்டார். நாங்கள் கைப்பிடியைத் திருகிப் பார்த்தோம். வெளியே வந்து சொன்னார்: “முதல்ல இந்தத் தாழ்ப்பாளைக் கழட்டுங்க சார். பாசமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.”

பெயர்ப் பொருத்தம்

வந்தபோது மௌனிகாவுக்குப் பதின்மூன்று வயது. தெலுங்குப் பெண். தமிழ் சீக்கிரமே புரிந்துவிட்டது, ஆனால் பதில் தெலுங்கில் வரும், கோபம் ஹிந்தியில் வரும். கோபத்துக்குக் காரணம் தேவையில்லை. குழம்பில் கத்தரிக்காய் இருந்தால் போதும், யாராவது கதவை மெதுவாகச் சாத்தினாலும் போதும். கத்த ஆரம்பித்தால் பக்கத்து பிளாக்கில் நாய் எழுந்து உட்காரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அபார்ட்மெண்ட் செயலாளர் வந்துவிட்டார். மூன்று வீட்டிலிருந்து புகார் என்றார். ரேவதி அவருக்குக் காப்பி கொடுத்து, நிலைமையை விளக்கினாள். நல்ல மனிதர், மௌனமாகக் கேட்டுக்கொண்டார். போகும்போது, பாப்பாவின் பெயர் என்ன என்று விசாரித்தார். சொன்னோம். உள்ளே ஒரு தட்டு விழுந்து உருளும் சத்தம் கேட்டது. அது நிற்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்: “பேர் வெச்சவங்க கையில கிடைச்சா எனக்கு ஒரு ஃபோன் பண்ணுங்க சார்.”

ஹெல்மெட் இட்லி

இந்தப் பிள்ளைகள் சாப்பாட்டை ஒளித்து வைப்பார்கள். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தலையணைக்கடியில் சப்பாத்தி, அலமாரியில் வாழைப்பழம். எங்கள் வீட்டில் கொஞ்சம் கூடுதல். காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் ஹெல்மெட்டை மாட்டினேன். உள்ளே இரண்டு இட்லி.

ரேவதி திட்டவில்லை, என்னையும் திட்டவிடவில்லை. ஒரு எவர்சில்வர் டப்பாவை மௌனிகாவின் அறையில் வைத்து, இது உன்னுடையது, இது காலியாகவே இருக்காது என்று மட்டும் சொன்னாள். சொன்னபடி தினமும் நிரப்பினாள். பல மாதம் அது தினமும் காலியானது. பிறகு பாதி காலியானது. பிறகு முறுக்கு நமுத்துப்போகும்வரை கிடந்தது. நமுத்த முறுக்கைக் கண்டு ஒரு குடும்பம் கொண்டாடியது எங்கள் குடும்பமாகத்தான் இருக்கும். அந்த சந்தோஷத்தில், வேண்டுமானால் என் ஹெல்மெட்டை இன்றைக்கு வைத்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டேன். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், வேண்டாம் என்பதை ஊர் ஹிந்தியிலும் மிச்சத்தை அதற்குள் பழகிய தமிழிலும் சொன்னாள்: “நக்கோ அங்கிள், அதுல சட்னி நிக்காது.”

நான் நம்பாத கதை

ஏற்பாடு தொடரலாமா என்று பார்க்கும் முதல் பரிசீலனை, நாங்களும் அவளும் முட்டி மோதிக்கொண்டிருந்த காலத்தில் வந்தது. பிள்ளைக்கு விருப்பமில்லை என்றால் வேறு இடம் பார்ப்பார்கள். மௌனிகா பையைக் கட்டித் தயாராக வைத்திருந்தாள். அவள் எப்போதுமே அப்படித்தான் வைத்திருப்பாள். பிரேமா மேடம் ஃபோனில் அவளிடம் பேசினார். நான் வேலையில் இருந்தேன். ரேவதி சமையலறையிலிருந்து கேட்டது இவ்வளவுதான்: மௌனிகா பை ஜிப்பை இழுத்து இழுத்து மூடும் சத்தம். பிறகு ‘உண்ட்டா’ என்றாள். ஃபோனை வைத்துவிட்டாள்.

ரேவதிக்குத் தெரிந்த தெலுங்கில் உண்ட்டா என்றால் இருக்கிறேன். நான் வீட்டுக்கு வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். அன்று பாயசம். ஏற்பாடும் நீட்டிக்கப்பட்டது. மேடமுக்கு மாற்றலும் வந்துவிட்டது.

எனக்கு மறுவாரமே பாயசம் கசந்துவிட்டது. எங்கள் பிரிவில் ஸ்ரீநிவாஸ் ஒவ்வொரு ஃபோனையும் உண்ட்டா என்று சொல்லித்தான் வைக்கிறார் என்பதைக் கவனித்தேன். நாம் கிளம்பும்போது ‘வரேன்’ என்போமே, அதுபோல. அப்படியானால் அந்தப் பெண் இருக்கிறேன் என்றாளா, வைக்கிறேன் என்றாளா? விரும்பி இருக்கிறாளா, மறுப்புச் சொல்லாததால் இருக்கிறாளா? ஒரு லீவு நாளில் பொறுக்காமல் ஸ்ரீநிவாஸுக்கே ஃபோன் செய்து, இரண்டுக்கும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: “அது சொன்னவங்களுக்குத்தான் தெரியும், அந்தப் பொண்ணையே கேளுங்க சார். சரி, உண்ட்டா.”

கேட்கவில்லை. கேட்காதவரை பாதி வாய்ப்பாவது எனக்கு இருந்தது.

பஸ் ஸ்டாப்

பள்ளியில் ஒருத்தியைத் தள்ளிவிட்டதற்காக மௌனிகாவைப் பாதி நாளில் அனுப்பிவிட்டார்கள். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் கட்டிவைத்த பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். ரேவதி ஆட்டோவில் ஒரு பக்கம், நான் பைக்கில் ஒரு பக்கம். மேம்பாலம்வரை போனேன், கடைவீதியெல்லாம் பார்த்தேன், தெரிந்தவர்கள் எல்லாரையும் கேட்டேன். அது இருக்கிறேன் இல்லை, வைத்துவிடுகிறேன்தான் என்று ஹெல்மெட்டுக்குள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எங்கள் பால்கனிக்கு நேர் எதிரே இருக்கும் பஸ் ஸ்டாப்பில், பையை மடியில் வைத்துக்கொண்டு, அவள் முதலிலிருந்தே உட்கார்ந்திருந்தாள். நான் அவளைத் தாண்டித்தான் போயும் வந்தும் கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்து, பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஹெல்மெட்டைக் கழற்றினேன். பையை என்னிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தாள். நடந்துகொண்டே சொன்னாள்: “உங்களுக்குத் தேடவே தெரியல அங்கிள்.”

மிச்சத் திருகாணி

அதற்கப்புறம் அவள் உடைத்தது மிக்ஸி ஒன்றுதான். ரேவதி திட்டுவதற்குப் பதில் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் கொடுத்துவிட்டாள். பொழுதெல்லாம் கழற்றினாள், மாட்டினாள். சாயங்காலம் மிக்ஸி ஓடியது, தேங்காயும் அரைந்தது. இன்று ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிக்கிறாளே, அது அன்றைக்கு அந்தச் சட்னியில் ஆரம்பித்தது.

ஆனால் மேஜையில் சில திருகாணிகள் மிச்சமிருந்தன. தொழில் புத்தி என்னை விடவில்லை. இவை எங்கே இருந்தவை, இவை இல்லாமல் எப்படி ஓடுகிறது, எதற்கும் இன்னொருமுறை பிரித்துப் பார்த்துவிடலாமே என்றேன். மிக்ஸியை என் கைக்கு எட்டாத தூரத்துக்கு நகர்த்திவிட்டுச் சொன்னாள்: “ஓடுது இல்ல? அப்புறம் என்னத்துக்கு நோண்டுறீங்க?”

கடைசிப் பரிசீலனை

போன மாதம் மௌனிகாவுக்குப் பதினெட்டு முடிந்தது. கடைசித் தடவையாக அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இந்த முறை இருந்தவர் ஓர் இளைஞர், எங்கள் கதை எதுவும் தெரியாதவர். இன்றோடு ஏற்பாடு முடிகிறது, இனி யாரும் உன்னை எங்கேயும் இருக்கச் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெலுங்கில் விளக்கினார். பெண்கள் விடுதி இருக்கிறது, இடமும் காலி என்றார். எங்கே போவதாக உத்தேசம் என்று கேட்டார்.

ரேவதி என் முழங்கையைப் பிடித்தாள். நான் தரையைப் பார்த்தேன். மௌனிகா என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எங்களுக்கும் புரியட்டும் என்றோ என்னவோ, தெலுங்கை விட்டுத் தமிழிலேயே அவருக்குப் பதில் சொன்னாள். அவர் புரியாமல் விழித்தார். ரேவதி சிரித்துக்கொண்டே அழுதாள். மௌனிகா சொன்னது இது: “எங்க சார் போறது? போனா இவருக்குத் தேடத் தெரியாது.”

இதோடு நிறுத்திக்கொள்வதுதான் புத்தி. ரேவதி ஆட்டோவில் முன்னால் போய்விட்டாள், நானும் மௌனிகாவும் பைக்கில். இப்போதெல்லாம் அவள்தான் ஓட்டுகிறாள், அந்தப் பழைய ஹெல்மெட்டோடு. ஆனால் ஓடுகிற மிக்ஸியை நோண்டாமல் விடத் தெரிந்தவன் இந்த வேலைக்கு வரவே மாட்டான் என்பதால், கொண்டாப்பூர் சிக்னலில் பின் சீட்டிலிருந்து ஹெல்மெட்டைத் தட்டிக் கேட்டேவிட்டேன்: “அன்னிக்குப் பிரேமா மேடம்கிட்ட ஃபோன்ல உண்ட்டான்னியே மௌனிகா, அது இருக்கேன்னா, வெச்சுடறேன்னா?”