மணிச் சத்தம் வராத சவுண்ட் கார்டு

பழைய பொருள் விற்பவர் எவரையும் நான் நம்புவதில்லை. புதுப் பொருள் விற்பவரையும் நம்புவதில்லை என்று என் மனைவி சொல்வாள். அது அவள் கருத்து.

புக்கிட் பாத்தோக்கில் எங்கள் வீட்டு ஸ்டோர் ரூமில் ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடந்தது. செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கியது. வேலை விட்டு வந்ததும் அதில் ஒரு விளையாட்டு ஆடுவேன். பனிக்குகை ஒன்று வரும். குகைக்குள் போனதும் பாட்டு மெல்லத் தணிந்து, அதன் மேல் சின்னதாக ஒரு மணி அடிக்கும். நாள் முழுக்க இரும்பைத் தட்டும் சத்தத்துக்குள் கிடந்துவிட்டு வருகிறவனுக்கு அந்த மணி எவ்வளவு சுகம் என்பதை எப்படிச் சொல்வது! ஓய்வு பெற்றதும் அதை ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்று கம்ப்யூட்டரைத் தூசி தட்டி எழுப்பினேன். எழுந்தது. குகை வந்தது, பாட்டு வந்தது, மணி மட்டும் வரவில்லை.

குற்றவாளி சவுண்ட் கார்டு என்று முடிவுகட்டினேன். முதலில் இருந்த கார்டு எப்போதோ கெட்டுப்போய், ஒரு மலிவான கார்டை மாட்டியிருந்தேன். இணையத்தில் இதற்கென்றே கூடிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். இசையை உண்டாக்கும் சிப் அசலாக இருந்தால்தான் மேல் ஸ்வரங்கள் சுத்தமாக ஒலிக்கும், நகல் சிப் அவற்றை மழுங்கடித்துவிடும் என்றார்கள். ஆனால் அசல் சிப் உள்ள கார்டில் இரைச்சல் அதிகமாம். இரைச்சல் இல்லாத கார்டில் சிப் நகலாம். இரைச்சல் போனால் போகிறது, எனக்கு மணி வேண்டும் என்று அசலையே தேடினேன். சிலர் சிப்பின் மேலிருக்கும் பெயரைச் சுரண்டிவிட்டு வேறு பெயர் அச்சடித்து விற்கிறார்கள் என்றும் படித்தேன். படித்ததும் எனக்குத் திருப்தியாக இருந்தது. உலகம் நான் நினைத்த மாதிரிதான் இருக்கிறது.

பழைய பொருள் விற்கும் செயலியில் ஒருவர் அகப்பட்டார். பொங்கோலில் இருந்து வருகிறவர், நம்மவர், நாற்பது வயதிருக்கும். லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்தில் சந்தித்தோம். இந்த ஊர் வழக்கப்படி அவர் டிக்கெட் கேட்டுக்கு உள்ளே நின்றார், நான் வெளியே நின்றேன்.

"அண்ணே, நான் வெளிய வரல. இப்படியே வாங்கிக்குங்க" என்று தடுப்புக்கு மேலே நீட்டினார்.

"ஏன், வெளிய வந்தா என்ன?"

"மறுபடி ஃபேர் வெட்டும்லா."

வெளியே வந்து திரும்ப உள்ளே போனால் இன்னொரு தடவை கட்டணம் பிடித்துவிடும், எல்லோரும் செய்வதுதான். இருந்தாலும் உள்ளே நிற்கிறவர் அப்படியே ரயில் ஏறி ஓடிவிடலாம் என்பதை நான் கவனிக்காமல் இல்லை. மனைவியின் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைச் சின்னப் புட்டியில் கொண்டுபோயிருந்தேன். பஞ்சில் நனைத்து, அங்கேயே நின்று சிப்பின் மேல் தேய்த்தேன். மேலே ஒட்டிய அச்சாக இருந்தால் கரைந்து வரும். நிலைய ஊழியர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் பட்டது. இவ்வளவு சுத்தமாகவா இருக்கும்?

கார்டு விற்றவர் ஏதோ விளக்கினார், ஆனால் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார். இப்போதெல்லாம் எல்லோரும் இப்படித்தான் பேசுகிறார்கள், என் மனைவி உட்பட. மறைக்க ஏதாவது இருந்தால்தான் மனிதன் முணுமுணுப்பான்.

வீட்டுக்கு வந்து மாட்டினேன். பாட்டு வந்தது. மணி வரவில்லை. போலிக் கார்டை என் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று காரமாகவே எழுதி அனுப்பினேன். சண்டைக்கு வருவார் என்று பார்த்தால், சனிக்கிழமை நேரிலேயே வந்து பார்க்கிறேன் என்று பதில் போட்டார். ஏமாற்றுகிறவன் எதற்குப் பொங்கோலில் இருந்து இவ்வளவு தூரம் வீடு தேடி வரவேண்டும்? இதில் வேறு ஏதோ இருக்கிறது என்று மனைவியிடம் சங்கிலியைக் கழற்றி உள்ளே வைக்கச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வந்தவர் தன் சொந்தக் கம்ப்யூட்டரில் இருந்த கார்டையும் கழற்றிக் கொண்டுவந்திருந்தார். முதலில் எனக்கு விற்றதையே போட்டார். குகை வந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் முகம் மலர்ந்தது.

"வருதுல்லண்ணே?"

"எங்க வருது?"

அவர் என்னைப் பார்த்தார். சத்தத்தைக் கூட்டினார். திரும்பவும் என்னைப் பார்த்தார். தன் கார்டை மாற்றிப் போட்டு, குகையை மறுபடி ஓடவிட்டார். நான் தலையை ஆட்டினேன். இல்லை.

"சரிண்ணே" என்றார். "கார்டுலதான் கோளாறு போல. ரெண்டுமே சரியில்ல. நான் எடுத்துக்கிறேன்."

மாட்டிக்கொண்டாயா என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அடுப்படியில் இருந்து மனைவி கத்தினாள்.

"என்னங்க அது, டிங் டிங்னு? அந்த மணியக் கொஞ்சம் கொறைங்க, தலை வலிக்குது!"

அவர் சட்டென்று குனிந்து ஸ்பீக்கர் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார். இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பீக்கரின் ஒயரை யாராவது சுற்றுவார்களா? பொய் சொல்கிறவர்களை நான் இத்தனை காலமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடியிருக்கிறேன். கார்டில் கோளாறு என்றதுதான் இவர் என்னிடம் சொன்ன ஒரே பொய், அதையும் எனக்காகச் சொன்னார். ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துப் பார்த்தேன். பாட்டு காதுக்குள் இடித்தது. அதற்கு மேலே எதுவும் இல்லை.

"தம்பி" என்றேன். அதுவரை அவரை நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. "மணி எப்பப்ப அடிக்குதுன்னு மேசையில தட்டிக் காட்டுங்க."

தயங்கினார். நான் இன்னொரு முறை கேட்டதும் பக்கத்தில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினார். நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஞாபகத்தில் எங்கெங்கே இருந்ததோ, சரியாக அங்கேதான் மணி அடித்துக்கொண்டிருந்தது.