சேகருக்காக நான் சொன்ன பதில்

மஸ்கட்டில் எங்கள் கேம்ப்பில் ஒரு பழக்கம் உண்டு. காலையில் டூட்டி பஸ்ஸில் ஃபோர்மேன் பெயர் கூப்பிடும்போது யாராவது வந்து சேரவில்லையென்றால், அவன் ரூம்காரன் "இருக்கான்" என்று குரல் கொடுத்துவிடுவான். என் ரூமில் இருந்த சேகருக்காக நான் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, டிரைவரோடு பதினோரு பேர் வேனில் மலையாற்றுக்குப் போனோம். லாரி டியூப்களில் ஏறி மிதந்தோம். மதியத்துக்கு மேல் மலைப்பக்கம் வானம் கறுத்தது. ஆற்றுநீர் திடீரெனக் கலங்கியது.

"வெள்ளம் வருது! யல்லா, யல்லா!" என்று டிரைவர் கத்தினார். ஓடிப்போய் வேனில் ஏறினோம். எங்களை அழைத்துவந்த செல்வராஜ் அண்ணன் பெயர் கூப்பிட்டார்.

"சேகரு?"

ஈரச்சட்டையைப் பிழிந்துகொண்டிருந்த நான் நிமிராமலே, "இருக்கான்ணே" என்றேன்.

அரைமணி நேரம் கழித்து டீக்கடையில் நிறுத்தினோம். பதினோரு டீயில் ஒன்று மிச்சமிருந்தது.

திரும்பிப் போனபோது பாதையே தண்ணீருக்குள் இருந்தது. மறுநாள்தான் மீட்புப் படையினர் அவன் உடலை எடுத்தார்கள்.

இப்போதெல்லாம் முகத்தைப் பார்க்காமல் யாருக்காகவும் நான் பதில் சொல்வதில்லை. ஆப்சென்ட் விழுந்தவர்கள் ரூமுக்கு வந்து என்னைத் திட்டுகிறார்கள். திட்டட்டும். திட்டுவதற்கு அவர்கள் இருக்கிறார்களே.